வெங்காயமும் பூண்டும் உரிக்க முடியாதபோது

வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு தனியாக இருந்த மாதங்களில் சோறு வைப்பது ஒரு பிரச்சினையாகவே இல்லை. ஒரு கையாலேயே அரிசி களைந்து குக்கரில் ஏற்றிவிடலாம். காய்கறியும் நறுக்கியதாகக் கடையில் கிடைக்கிறது. சின்ன வெங்காயமும் பூண்டும்தான் முடியவே முடியாது. ஒரு கை பிடித்தால்தான் இன்னொரு கை தோலை இழுக்க முடியும். உரித்த பூண்டு பாக்கெட்டில் வருகிறது, ஆனால் நாலு நாளில் வழவழப்பாகி நாற்றம் எடுத்துவிடும். பாட்டிலில் வரும் இஞ்சி பூண்டு விழுதில் உப்பும் புளிப்புக்காகச் சேர்க்கும் அமிலமும் இருப்பதால் எல்லாக் குழம்பும் ஒரே மாதிரி ஊறுகாய் வாசம் அடிக்கும். மிஞ்சியது உலர்ந்த வெங்காயச் செதிலும் பூண்டுப் பொடியும்தான். அவற்றை எப்படிக் கையாள்வது என்று பாக்கெட்டில் 'சுவைக்கேற்பச் சேர்க்கவும்' என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. கசந்துபோன குழம்பைக் கொட்டிவிட்டு அந்தப் பாத்திரத்தை ஒற்றைக் கையால் தேய்க்கும்போது அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. குப்பைக்குப் போன பாக்கெட்டுகள் மட்டும் 900 ரூபாய்க்குக் குறையாது. கை முறிந்தவர்கள், மூட்டு வலியால் கத்தி பிடிக்க முடியாத பெரியவர்கள், அறையில் சமைக்கும் பிள்ளைகள், வெங்காயம் விலை ஏறும்போது தவிக்கிறவர்கள் யாருக்கும் இந்தச் செலவு வேண்டாம் என்றுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். குழம்பில் வெங்காயம் மூன்று வேலை செய்கிறது. வாசனை ஒன்று. வதங்கி வரும் இனிப்பு இரண்டு. மூன்றாவது, நாம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத பருமன். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். அந்தத் தண்ணீர் மெல்ல வெளியேறி எண்ணெயின் சூட்டைத் தணித்து, மசாலா கருகாமல் காத்து, கடைசியில் மசிந்து குழம்பைக் கெட்டியாக்குகிறது. பொடி இந்த மூன்றில் வாசனையை முழுதாகத் தரும், இனிப்பில் ஓரளவு தரும், பருமனைத் தரவே தராது. 'வெங்காயத்துக்குப் பதில் ஒரு ஸ்பூன் பொடி' என்று போட்டால் குழம்பு தண்ணீராக ஓடுவதும், மிளகாய்த்தூள் எண்ணெயில் தீய்ந்துபோவதும் இதனால்தான். மூன்றுக்கும் தனித்தனியாக ஈடு கட்ட வேண்டும்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். உள்ளே இருக்க வேண்டியது வெங்காயம் அல்லது பூண்டு மட்டும். கட்டி பிடிக்காமல் இருக்க சிலிக்கான் டை ஆக்சைடு (எண் 551) கொஞ்சம் சேர்த்திருப்பார்கள், அது பரவாயில்லை. 'கார்லிக் சால்ட்' என்று போட்டிருந்தால் எடுக்காதீர்கள். அதில் பெரும்பங்கு உப்பு. பூண்டு வாசம் வரும் அளவுக்குப் போட்டால் குழம்பு வாயில் வைக்க முடியாது. பிரியாணிக்கென்று வரும் பொரித்த வெங்காயமும் உலர்ந்த வெங்காயமும் வேறு வேறு. முதலாவது எண்ணெயில் பொரித்தது, மாவு சேர்த்தும் வரும், ஊறப்போட்டால் எண்ணெய் மிதக்கும். நம் கடைகளில் கிடைக்கும் செதிலில் நிறைய குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்து மஹுவா பக்கத்து ஆலைகளிலிருந்து வருவது. அங்கே வெள்ளை வெங்காயத்தைத்தான் பெரும்பாலும் உலர்த்துகிறார்கள். அதில் தண்ணீர் போக மிஞ்சும் திடப்பொருள் அதிகம், காய்ந்தாலும் நிறம் வெளிறியே இருக்கும். ஆகவே எந்தப் பாக்கெட்டிலும் நம் சின்ன வெங்காயத்தின் மணத்தைத் தேடாதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மொத்தக் கடையில் சில்லறையாக அளந்து கொடுக்கும் பூண்டுப் பொடியில் ஒரு தொல்லை உண்டு. எனக்குக் கிடைத்த ஒன்று எவ்வளவு போட்டாலும் வாசமே வரவில்லை, ரசம் மட்டும் கஞ்சி மாதிரி ஆனது. மாவு கலந்த பொடி. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வெங்காயமும் பூண்டும் தம் சர்க்கரையை ஸ்டார்ச்சாகச் சேமிப்பதில்லை, ஃப்ரக்டான் என்ற வேறு வடிவில் சேமிக்கின்றன. அரை டீஸ்பூன் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து, நன்றாக ஆறிய பின் மருந்துக் கடை டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். பழுப்பு மஞ்சளாகவே நின்றால் மாவு இல்லை. கருநீலம் ஆனால் அரிசி மாவோ மைதாவோ சோள மாவோ இருக்கிறது. சோதித்த கலவையைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

இனி அளவு. நடுத்தரப் பெரிய வெங்காயம் ஒன்று சுமார் 100 கிராம். சின்ன வெங்காயம் என்றால் பத்துப் பன்னிரண்டு. அதற்கு ஈடு, செதில் 3 டேபிள்ஸ்பூன், அல்லது பொடி 1 டேபிள்ஸ்பூன். ஒரு பல் பூண்டுக்கு ஈடு, பொடி என்றால் கால் டீஸ்பூனில் பாதி, குருணை (ரவை போலக் கொரகொரப்பான பொடி) என்றால் கால் டீஸ்பூன், செதில் என்றால் அரை டீஸ்பூன். இந்தப் பூண்டுக் கணக்கு ஓரளவு பெரிய பல்லுக்கு. நாட்டுப் பூண்டின் சிறு பல் என்றால் இரண்டை ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். காய்ந்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால் பூண்டுப் பொடி இன்னும் கூடுதலாகப் போடலாம் என்று தோன்றும், போட்டுவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் பூண்டு வாசம் போய், அவசர நூடுல்ஸ் மசாலா வாசம் வந்துவிடும், அது மறுநாள் வரை நாக்கில் நிற்கும். முதல் முறை சொன்ன அளவில் முக்கால் போட்டு, பத்து நிமிடம் கழித்து ருசி பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். ஊற ஊறத்தான் இதன் காரம் வெளியே வரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நனைப்பது. காய்ந்த பொடியை நேராகத் தாளிப்பு எண்ணெயில் போடக் கூடாது. போட்டால் என்ன ஆகும் என்று ஒரு சிட்டிகை எடுத்து வேண்டுமென்றே பாருங்கள். விழுந்ததும் நுண்ணிய நுரை எழும், மஞ்சள் ஒரு நொடியில் தேன் நிறமாகும், நீங்கள் கரண்டியை எடுப்பதற்குள் காப்பித் தூள் நிறம். தண்ணீர்ச் சத்து அநேகமாக இல்லாத, சர்க்கரை செறிந்த பொடி அது. கருகாமல் தடுக்க அதனுள் எதுவும் இல்லை. கருகிய பூண்டின் கசப்பைத் தேங்காய்ப்பாலோ வெல்லமோ சரிசெய்யாது. கருகினால் எண்ணெயோடு கொட்டிவிட்டு வாணலியைத் துடைத்து மறுபடி தொடங்குவதுதான் சிக்கனம், அதன்மேல் தக்காளியும் காயும் போட்டால் அவையும் சேர்ந்து வீண்.

பொடி ஒரு பங்குக்குப் பச்சைத் தண்ணீர் இரண்டு பங்கு. குழைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். கெட்டியான விழுதாகி, மூக்கருகே கொண்டுபோனால் சுருக்கென்று ஏறும். காய்ந்த பொடியில் அந்தச் சுருக்கு இருந்திருக்காது. காரணம் இதுதான்: பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள அலியின் என்ற பொருளும் அலினேஸ் என்ற நொதியும் சந்தித்து அலிசின் உண்டாகிறது, அதுதான் பூண்டின் காரம். மிதமான சூட்டில் உலர்த்திய பொடியில் இரண்டும் தூங்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டால் விழித்துக்கொள்ளும். கொதிநீரில் குழைத்தாலோ, நேராகப் புளிக்கரைசலில் போட்டாலோ, எலுமிச்சைச் சாற்றில் கலந்தாலோ நொதி செத்துவிடும் அல்லது முடங்கிவிடும். வெறும் மண் வாசம்தான் மிஞ்சும். நம் சமையலில் பாதி புளி என்பதால் இது பெரிய விஷயம். ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் பூண்டுப் பொடியை முதலில் தனித் தண்ணீரில் விழிக்கவைத்து, அப்புறம் புளியில் சேருங்கள். வெங்காயப் பொடிக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை, ஆனாலும் அதையும் குழைத்தே போடுங்கள். இல்லாவிட்டால் குழம்பில் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரளும்.

குழைத்த விழுதை எப்போது போடுவது? கடுகு, கறிவேப்பிலை தாளித்து, அடுப்பைச் சிறுதீயில் வைத்து, தக்காளி போட்டுத் தண்ணீர் விட ஆரம்பித்த பிறகு. தக்காளி இல்லாத குழம்பில் முதலில் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துவிட்டு விழுதைப் போடுங்கள். பச்சை வாசம் போக இரண்டு மூன்று நிமிடம் போதும். மிளகாய்த்தூள், மல்லித்தூளையும் எண்ணெயில் வதக்காமல் இந்த ஈரத்தோடேயே சேர்த்துவிடுங்கள். வழக்கமாக வெங்காயம் தரும் பாதுகாப்பு இங்கே கிடையாது.

செதில் வேறு ரகம். வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறினால் தன் எடையைப் போல நாலைந்து மடங்கு தண்ணீர் குடித்து ஊதும். ஊறாமல் போட்டால் ஓரம் கருகும், நடு தோல் மாதிரி இருக்கும், பல்லில் ஒட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், இனிப்பும் வாசமும் அதில் இறங்கியிருக்கிறது. குழம்புக்கு அதையே ஊற்றுங்கள். செதிலைக் கையால் லேசாகப் பிழிந்துவிட்டு (ஒற்றைக் கைக்காரர்கள் வடிகட்டியில் போட்டு டம்ளர் அடியால் அழுத்தினால் போதும்) நடுத்தீயில் வதக்குங்கள். பச்சை வெங்காயம் பொன்னிறமாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், இது மூன்று நிமிடத்தில் நிறம் மாறும். அடுப்பை விட்டு நகரக் கூடாது. நிறம் வந்ததும் தக்காளியையோ ஊறவைத்த தண்ணீரையோ உடனே ஊற்றி நிறுத்திவிடுங்கள். முறுகலாகப் பொன்னிறம் வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் விட்டால் நிச்சயம் கசக்கும்.

பருமனுக்கு என்ன செய்வது? குருமாவுக்குத் தேங்காயோடு ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை கூடுதலாக அரைத்துச் சேர்த்தால் இரண்டு வெங்காயத்தின் கெட்டித்தன்மை வந்துவிடும். சாம்பாருக்குப் பருப்பையே கால் பங்கு கூட்டுங்கள், கூடவே பறங்கிக்காய் நாலு துண்டு போட்டு மசித்துவிட்டால் வெங்காயத்தின் இனிப்பும் சேர்ந்து கிடைக்கும். காரக்குழம்புக்குத் தக்காளி ஒன்று கூட்டி, நன்றாக எண்ணெய் பிரியும்வரை சுண்டவிடுவதே சரி. அதில் மாவு கரைத்து ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை, பசை மாதிரி ஆகிவிடும். செட்டிநாட்டு வகை மசாலாவில் முந்திரி வேண்டாம், கசகசாவும் தேங்காயும் போதும்.

எல்லாப் பதார்த்தத்துக்கும் இது ஒத்துவராது. வெங்காயப் பக்கோடா, ஊத்தப்பம், தயிர்ப் பச்சடி, வெங்காயச் சட்னி, வெங்காயச் சாம்பார் ஆகியவற்றை அந்த மாதங்களில் மறந்துவிடுவதே நல்லது. பொரியலுக்கு வெங்காயமே வேண்டாம். தேங்காயும் பெருங்காயமும் இருந்தால் குறை தெரியாது. கூட்டுக்கும் அப்படியே. முட்டைப் பொரியலுக்கு ஊறிய செதில் நன்றாக இருக்கும். இட்லிப் பொடியில் பூண்டுப் பொடி பச்சைப் பூண்டைவிட நன்றாகவே இருக்கும்: ஈரம் இல்லாததால் பொடி கெடாது. பருப்பும் மிளகாயும் வறுத்து முழுதாக ஆறிய பிறகு, அரைக்கும் கடைசிச் சுற்றில் பூண்டுப் பொடியைச் சேருங்கள், வறுக்க வேண்டாம். பிரியாணிக்குச் செதில் பாதி, கடையில் வாங்கும் பொரித்த வெங்காயம் பாதி என்று கலந்தால் ஓரளவு ஒப்பேறும். ரசத்துக்கு மிளகு சீரகத்தோடு தட்டிப் போட்ட பூண்டின் மணம் பொடியில் வராது. குழைத்த பூண்டுப் பொடியை இறக்குவதற்கு முந்தைய நிமிடம் விட்டு மூடி வைத்தால் கிட்டத்தட்ட வரும்.

சின்ன வெங்காய மணத்துக்கு வழி என்று சொன்னேனே, அது தாளிப்பு வடகம். நம் வீடுகளில் காலம் காலமாக இருக்கும் உலர்ந்த வெங்காயம் பூண்டு இதுதான். புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுச் சமையலறைக்குப் போய் 'வதுவான்' என்று அங்கே மரியாதையாக விற்கிறது. இங்கே நாம் அதை மறந்துகொண்டிருக்கிறோம். ஒரு கிலோ சின்ன வெங்காயத்துக்கு 200 கிராம் பூண்டு, 100 கிராம் உளுத்தம்பருப்பு, கடுகும் சீரகமும் 50 கிராம் வீதம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள், உப்பு, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய். ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கூடும் குறையும். வெங்காயத்தையும் பூண்டையும் விழுதாகாமல் ஒன்றிரண்டாக இடித்து, எல்லாம் பிசறி, ஒரு இரவு மூடி வைத்து, மறுநாள் உருண்டை பிடித்துக் கத்திரி வெயிலில் காயவைக்க வேண்டும். மாலையில் எடுத்து உதிர்த்துத் திரும்பப் பிடித்தால் உள்ளேயும் காயும். ஒரு வாரம் பத்து நாளில் கல்லு மாதிரி ஆகிவிடும். நடுவில் ஈரம் தங்கினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு டப்பாவில் போடுங்கள். கை சரியில்லாதவர்கள் தெரிந்த வீட்டிலோ வடகம் போடும் அம்மாக்களிடமோ சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

வடகத்தை மட்டும் எண்ணெயில் போடலாம், போடத்தான் வேண்டும். கொரகொரப்பாக இருப்பதாலும் விளக்கெண்ணெய் பூசியிருப்பதாலும் பொடியைப் போல நொடியில் கருகாது. நாலு பேர் குழம்புக்கு நெல்லிக்காய் அளவு எடுத்து உதிர்த்து, சிறுதீயில் நல்லெண்ணெயில் விடுங்கள். கடுகு வெடித்து உளுந்து சிவந்ததும் புளிக்கரைசலை ஊற்றிவிடலாம். வத்தக்குழம்பு, மீன்குழம்பு, கீரை மசியல், துவையல் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். வெந்தயம் உள்ளே இருப்பதால் தனியாக வெந்தயம் தாளிக்காதீர்கள்.

அடுத்தது பத்திரப்படுத்துவது. கடலோர ஊரில், ஐப்பசி கார்த்திகையில், வெங்காயப் பொடி ஒரே வாரத்தில் செங்கல் மாதிரி இறுகிவிடும். இதிலுள்ள சர்க்கரைகள் காற்றின் ஈரத்தை இழுப்பவை. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டுவதுதான் பெரிய கெடுதல். ஆவி நேராக உள்ளே ஏறும். கிண்ணத்தில் உலர்ந்த ஸ்பூனால் எடுத்துக்கொண்டு, மூடியை மூடிவிட்டு, அப்புறம் அடுப்பிடம் போங்கள். பெரிய பாக்கெட்டை இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வெளியே வையுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தால்தான் உள்ளே வேர்க்காது. இறுகிய பொடி நிறம் மாறாமல், பூஞ்சை வாசம் இல்லாமல் இருந்தால் உடைத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தலாம், வீணாக்க வேண்டாம். பிசுபிசுப்போ புளித்த வாசமோ இருந்தால் மட்டும் தூக்கி எறியுங்கள். திறந்த பொடிக்கு ஆறு மாதத்துக்கு மேல் வாசம் தங்காது. குருணை அதைவிடத் தாங்கும், செதில் இன்னும் தாங்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் செதில் வாங்கி, தேவைப்படும்போது மிக்ஸியில் ஒரு ஸ்பூன் பொடித்துக்கொள்ளுங்கள்.

வயிற்று உப்புசத்துக்காக வெங்காயம், பூண்டு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னவர்கள் 'பொடிதானே' என்று இதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. தொந்தரவு தரும் ஃப்ரக்டான் பொடியில் இன்னும் செறிவாக இருக்கிறது. அவர்களுக்குப் பெருங்காயம் சரிவரும். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்வதால் கோதுமை ஆகாதவர்கள் லேபிள் பார்க்க வேண்டும். எண்ணெயில் பூண்டைப் பொரித்து, பூண்டை எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் பயன்படுத்துவதும் அவர்களுக்கு ஆகும், ஏனென்றால் ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. ஆனால் அந்த எண்ணெயை அன்றன்றைக்கே செய்யுங்கள். பூண்டு ஊறிய எண்ணெயை வெளியே நாள்கணக்கில் வைத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சு உண்டாகலாம், மணத்திலோ நிறத்திலோ அது தெரியாது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் இந்தப் பொடி கலந்த சோற்றை வைக்காதீர்கள், பச்சை வெங்காயத்தைவிடக் குறைந்த அளவே அவற்றின் ரத்த அணுக்களைச் சிதைக்கப் போதும்.

எவ்வளவு வாங்குவது என்று கேட்டால், 100 கிராம் செதில் கிட்டத்தட்ட ஒரு கிலோ வெங்காயத்துக்குச் சமம். ஆகவே விலையை ஒப்பிடும்போது 100 கிராம் பாக்கெட்டின் விலையை ஒரு கிலோ வெங்காயத்தின் விலையோடு வைத்துப் பாருங்கள்; சாதாரண நாளில் செதில்தான் விலை கூடுதல், வெங்காயம் கிலோ நூறைத் தாண்டும் நாளில் கணக்கு மாறும். ஒருவர் சமையலுக்கு ஒரு மாதத்துக்குச் செதில் 200 கிராம், பூண்டுக் குருணை 50 கிராம், வெங்காயப் பொடி 50 கிராம், எலுமிச்சை அளவு வடகம் ஆறேழு உருண்டை போதும். முதல் தடவை இதிலும் பாதி வாங்கி, பூண்டை அயோடின் விட்டுப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.